கையெழுத்து யாரு போடறது?

எங்க அக்கா கல்யாணம் முடிஞ்ச அன்னைக்கு ராத்திரியில இருந்து ஆரம்பிக்கறேன், அமெரிக்காவோட கடன் சண்டை தானா வரும்.

மண்டபத்தை காலி பண்ணணும். சமையல் காண்ட்ராக்டர் பாக்கிப் பணத்துக்கு நாற்காலி போட்டு உக்காந்திருக்கார், மேளக்காரங்க வேன்ல ஏறாம நிக்கறாங்க, வாசல்ல வாழைமரத்தை யாரோ அவுத்துட்டு இருக்காங்க. மொய்ப் பணத்தை எண்ணிப் பாத்தா பத்தல, ஒண்ணேகால் லட்சம் துண்டு விழுது. ஃபைனான்ஸ் பண்றவர் ஒருத்தர் விருந்தாளியா வந்தவர் அங்கயே இருந்தார், புரோநோட்டுல யாராவது ஒரு கையெழுத்து போடுங்க, காலையில பணம்னார். கடன் வாங்கலாமா வேண்டாமாங்கற கேள்வியே அங்க இல்ல. 600 பேர் சாப்பிட்டு வெத்தலை பாக்கு வாங்கிட்டு வீட்டுக்குப் போயாச்சு. ஆனா பெரிய மாமாவும் சித்தப்பாவும் ஒன்றரை மணி நேரம் கத்தினாங்க. ரெண்டு பாயசம் எதுக்குன்னு மாமா, ஐஸ்க்ரீம் ஸ்டால் யாரு சொல்லி வந்துச்சுன்னு சித்தப்பா, இப்பிடியே செலவு பண்ணா குடும்பம் உருப்படுமான்னு ரெண்டு பேரும். நான் அப்ப காலேஜ் ரெண்டாவது வருஷம், சண்டை நெஜமாவே பாயசத்தைப் பத்தினதுன்னு நம்பிட்டேன். அம்மாதான் பாத்திரத்தை எண்ணிட்டே சொன்னாங்க, "பாயசமும் இல்ல ஒண்ணும் இல்லடா, கையெழுத்து யாரு போடறதுன்னு பாத்துட்டு இருக்காங்க."

அமெரிக்காவுல டெட் லிமிட்னு ஒண்ணு இருக்கு, அரசாங்கம் மொத்தமா இவ்வளவுதான் கடன்ல இருக்கலாம்னு சட்டத்துல எழுதி வச்ச ஒரு நம்பர். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது நியூஸ்ல வரும், கெடு தேதி நெருங்குதுன்னு பயமுறுத்துவாங்க, கடைசி ராத்திரி தீர்ந்துடும். பாதிப் பேர் இதை கிரெடிட் கார்டு லிமிட் மாதிரின்னு எழுதறாங்க, அது தப்பு. கார்டு லிமிட் முட்டினா புதுசா எதுவும் வாங்க முடியாது, அவ்வளவுதான். இங்க செலவு எவ்வளவு, வரி எவ்வளவுன்னு காங்கிரஸே, அதாவது அவங்க பார்லிமெண்டே, ஏற்கனவே சட்டம் போட்டு முடிச்சிருக்கும். ரெண்டுக்கும் நடுவுல விழற துண்டுக்கு கடன் வாங்கத்தான் தனியா இன்னொரு சட்டம் கேக்கறாங்க. சாப்பிட்டாச்சு, புரோநோட்டு பாக்கி.

எனக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, நான் ஓஎம்ஆர்ல ஒரு பேக் ஆபீஸ்ல நைட் ஷிஃப்ட் ஆளு. அமெரிக்க கிளையண்ட்டுங்களோட பாண்டு செட்டில்மெண்ட், வட்டி வந்துச்சா, முதிர்ச்சித் தொகை வந்துச்சா, வரலேன்னா யாரை எழுப்பணும், இதுதான் வேலை. பதினாலு வருஷமா இதே வேலை. 2023 மே மாசம் எங்க டீம் ஒரு எக்செல் ஷீட்டு போட்டோம், அதை இன்னும் மறக்க முடியல.

ஜேனட் எலன் அப்ப கருவூல மந்திரி. ஜனவரி 19ஆம் தேதியே லிமிட் முட்டிடுச்சு, 31.4 டிரில்லியன் டாலர், நம்ம கணக்குல 31.4 லட்சம் கோடி டாலர். அப்புறம் அஞ்சு மாசம் வண்டி எப்படி ஓடுச்சுன்னா, எக்ஸ்ட்ராஆர்டினரி மெஷர்ஸ்னு பெரிய பேரு வச்சிருக்காங்க, விஷயம் சின்னது. அரசு ஊழியர்களோட ஓய்வூதிய நிதியில பாண்டா போட வேண்டிய பணத்தை கொஞ்ச நாளைக்குப் போடாம நிறுத்தி, அந்த இடத்துல வெளிய கடன் வாங்கிக்கறது. வீட்டுல பாப்பா உண்டியலைத் தொறந்து பால்காரருக்குக் குடுத்துட்டு சம்பளம் வந்ததும் திருப்பிப் போடுவோம்ல, அதேதான், லிமிட் ஏறினதும் வட்டியோட திருப்பிப் போட்டுடணும்னு சட்டமே இருக்கு. மே 1ஆம் தேதி எலன் லெட்டர் போட்டாங்க, ஜூன் 1லயே கை காலியாகலாம்னு.

அன்னைக்கு நியூ ஜெர்சி மேனேஜர் கால் போட்டு, ஜூன் 1ல இருந்து முதிர்ச்சி அடையற ட்ரெஷரி பில் எல்லாத்தையும் லிஸ்ட் எடுங்கன்னார். ட்ரெஷரி பில்னா ஒரு வருஷத்துக்குள்ள திருப்பித் தர்ற அரசுக் கடன் பத்திரம், எல்லாம் செவ்வாய்க்கிழமையும் வியாழக்கிழமையும் முடியும். ஜூன் 1 வியாழன், 6 செவ்வாய், 8 வியாழன். சிக்கல் என்னன்னா அமெரிக்க பாண்டுங்க எல்லாம் பேப்பர்ல இல்ல, ஃபெட்வயர்னு ஒரு சிஸ்டத்துக்குள்ள வெறும் என்ட்ரியா இருக்கு. முதிர்ச்சித் தேதி தாண்டிட்டா அந்த என்ட்ரியை அப்புறம் யாருக்கும் மாத்தி விட முடியாது. பணமும் வராது, பேப்பரையும் விக்க முடியாது, நடுவுல தொங்கும். அதனால கருவூலம் காசு குடுக்க முடியாதுன்னு தெரிஞ்சா முந்தின நாள் ராத்திரியே சிஸ்டத்துல அந்த தேதியை ஒரு நாள் தள்ளி வைக்கணும், மறுநாள் ராத்திரி மறுபடி ஒரு நாள், இப்படியே நாள் நாளா. இதுக்குன்னு ஒரு வழிமுறைக் குறிப்பே மார்க்கெட் ஆளுங்க எழுதி வச்சிருக்காங்க, படிச்சா ஆஸ்பத்திரியில வென்டிலேட்டர் நீட்டிக்கற மாதிரியே இருக்கும். எங்க டீம்ல புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தன், "அண்ணே, லேட்டான நாளுக்கு வட்டி உண்டா?"ன்னு கேட்டான். நல்ல கேள்வி. பதில், காங்கிரஸ் தனியா சட்டம் போட்டாத்தான் உண்டு. எந்த காங்கிரஸ்? குடுக்கவே விடாத அதே காங்கிரஸ்!

ஷீட்டுல அந்தத் தேதிகளுக்கு மட்டும் ஆரஞ்சு கலர் அடிச்சோம். மார்க்கெட்டும் அதே கலர்தான் அடிச்சிருந்துச்சு. மே கடைசி வாரத்துல ஜூன் முதல் வாரம் முடியற பில்லோட வட்டி 7 சதவீதத்தைத் தாண்டுச்சு. உலகத்துலயே பத்திரமான பேப்பர்னு பாடப்புத்தகத்துல போட்டிருக்கறது, நம்ம ஊரு பேங்க் எஃப்டி ரேட்டுக்கு வந்து நின்னுச்சு. மே 25ஆம் தேதி அமெரிக்க கஜானாவுல கையில இருந்தது 4,000 கோடி டாலருக்கும் கீழ.

சரி, இதெல்லாம் ஏன் நடக்குதுங்கறதுக்கு வரேன். வழக்கமா சொல்றது, ரிபப்ளிகன் கட்சி கடனைக் கட்டுப்படுத்தணும்ங்கறாங்க, டெமாக்ரட் கட்சி செலவு பண்ணணும்ங்கறாங்கன்னு. ஓட்டுக் கணக்கை எடுத்துப் பாத்தா இந்தக் கதை நிக்காது. 2006 மார்ச்சுல புஷ் (ரிபப்ளிகன்) ஜனாதிபதி, காங்கிரஸோட மேல்சபையான செனட்ல லிமிட்டை ஏத்த ஓட்டெடுப்பு, 52க்கு 48ல தப்பிச்சுது. டெமாக்ரட் ஒருத்தர் விடாம எதிர்த்து ஓட்டு போட்டாங்க. அந்த 48 பேர்ல ஒபாமா இருக்கார், பைடனும் இருக்கார். ஒபாமா அன்னைக்கு லிமிட்டை ஏத்த வேண்டி வந்ததே தலைமையோட தோல்வின்னு பேசினார், தான் ஜனாதிபதி ஆனப்புறம் அந்த ஓட்டு தப்புன்னு ஒத்துக்கிட்டார். ட்ரம்ப் முதல் தடவை இருந்தப்ப லிமிட் மூணு தடவை தள்ளி வைக்கப்பட்டுச்சு, செலவைக் குறைன்னு யாரும் மல்லுக்கட்டல. வெள்ளை மாளிகை யாருகிட்ட இருக்கோ அவங்களுக்கு லிமிட் ஒரு சின்ன பேப்பர் வேலை, இல்லாதவங்களுக்கு அது தேசத்தோட ஒழுக்கப் பிரச்சனை. ஆட்சி மாறினா ரெண்டு பேரும் ஸ்க்ரிப்டை மாத்திக்குவாங்க.

நம்ம ஊர்ல இது ஏன் நடக்கலன்னா, நம்ம அரசியல் சட்டத்துலயும் 292ஆவது பிரிவுல பார்லிமெண்ட் நெனச்சா மத்திய அரசோட கடனுக்கு ஒரு எல்லை போடலாம்னு இருக்கு. ஆனா இங்க பட்ஜெட்டை கொண்டு வர்றவங்ககிட்டயேதான் மக்களவையில மெஜாரிட்டி, பண மசோதா தோத்தா ஆட்சியே கவிழ்ந்துடும். அமெரிக்காவுல ஜனாதிபதி ஒரு கட்சி, கீழ்சபையான ஹவுஸ் இன்னொரு கட்சி, ரெண்டும் கவிழாது. சம்பந்தி வீடு ரெண்டும் ஒரே மண்டபத்துல நாலு வருஷம் அடைச்சு வச்ச மாதிரி.

என்னோட கணிப்பு என்னன்னா, இந்த அரசியல் வியூகமெல்லாம் தொண்ணூறு சதவீதம் கடனைப் பத்தினது கிடையாது. லிமிட் ஏறணும்னு தலைவருங்க எல்லாருக்கும் தெரியும், ஏத்தின ஆளா யாரு தெரியறதுங்கறதுதான் சண்டை. ஓட்டு போட்டா அடுத்த தேர்தல்ல எதிராளி டிவி விளம்பரத்துல மூஞ்சியைப் போட்டு, இவர்தான் நாட்டை இத்தனை டிரில்லியன் கடன்ல தள்ளினவர்னு ஓட்டுவான். அதனால நாப்பது வருஷத்துக்கு மேலா அங்க உக்காந்து கண்டுபிடிச்சதெல்லாம் கையெழுத்து போடாம கையெழுத்து போடறது எப்படிங்கற டெக்னிக்தான்.

முதல் டெக்னிக் 1979ல. கெப்ஹார்ட்னு மிசௌரி ஹவுஸ் உறுப்பினர் பேர்ல ஒரு விதி. பட்ஜெட் தீர்மானம் நிறைவேறினா ஹவுஸ் லிமிட்டையும் ஏத்தினதாவே வச்சுக்கலாம், அங்க தனி ஓட்டு வேண்டாம். 2011ல ரிபப்ளிகன் மெஜாரிட்டி வந்ததும் தூக்கிட்டாங்க, 2019ல டெமாக்ரட் வந்ததும் திரும்ப ஒட்ட வச்சாங்க. அதே 1979 வசந்த காலத்துலதான் எங்க தொழில்காரங்க நெஞ்சுல கை வைக்கற ஒரு சம்பவமும் நடந்துச்சு. லிமிட்டை கடைசி நிமிஷத்துல ஏத்தினாங்க, கருவூல ஆபீஸ்ல வேலை குவிஞ்சு, வேர்ட் ப்ராசஸிங் மெஷின் வேற கோளாறாகி, சின்ன முதலீட்டாளர்களுக்குப் போக வேண்டிய 12 கோடி டாலர் அளவுக்கு பில் பணம் லேட்டாப் போச்சு. உலகம் பூரா அமெரிக்கா கடன் தவறினதே இல்லைன்னு பெருமை பேசறப்ப எனக்கு அந்த மெஷின்கிட்ட மல்லுக்கட்டின கிளார்க்குங்கதான் ஞாபகம் வருவாங்க. அரசியல்வாதி கடைசி நிமிஷத்துல தீர்த்தாச்சுன்னு கை குலுக்குவார், அதுக்கப்புறம் ஒரு நிமிஷம் இருக்கு, அது பேக் ஆபீஸோட நிமிஷம்.

2011தான் இதை உண்மையான ஆயுதமா மாத்தின வருஷம். செலவைக் குறைன்னு கெளம்பின டீ பார்ட்டிங்கற ரிபப்ளிகன் கோஷ்டியோட அலையில ஹவுஸ் ரிபப்ளிகன் கைக்கு வந்துச்சு, செலவைக் குறைச்சாத்தான் லிமிட்னு நின்னாங்க. ஆகஸ்ட் 2ஆம் தேதி கெடு அன்னைக்கு ஒபாமா கையெழுத்து போட்டார். மூணாவது நாள், ஆகஸ்ட் 5, எஸ் அண்ட் பிங்கற ரேட்டிங் கம்பெனி முதல் முதலா அமெரிக்காவோட ட்ரிபிள் ஏங்கற உச்ச ரேட்டிங்கைப் புடுங்கிடுச்சு. டீல் முடிஞ்சப்புறம் புடுங்கினாங்கங்கறதை கவனிக்கணும், கடன் குறையற அளவுக்கு டீல் போதலைங்கறது ஒரு கவலை, இந்த ஆளுங்க ஒவ்வொரு தடவையும் இப்படிக் கூத்தடிப்பாங்கங்கறது இன்னொரு கவலை. அந்தச் சட்டத்துக்குள்ள செனட் ரிபப்ளிகன் தலைவர் மிட்ச் மெக்கானல் ஒரு ஐட்டம் வச்சார், அதை நான் ரொம்ப ரசிச்சேன். ஜனாதிபதியே லிமிட்டை ஏத்தலாம், காங்கிரஸ் "நாங்க ஒத்துக்கல"ன்னு தீர்மானம் போடலாம், ஜனாதிபதி அதை வீட்டோ பண்ணுவார், லிமிட் ஏறிடும். அதாவது ரிபப்ளிகன் உறுப்பினர் எதிர்த்து ஓட்டும் போட்டுக்கலாம், கடனும் தவறாது. எங்க சித்தப்பாவுக்கு மட்டும் அன்னைக்கு இந்த ஐடியா தெரிஞ்சிருந்தா!

ஆனா எனக்குப் பிடிச்ச காட்சி 2014 பிப்ரவரி 12. இதைப் பத்தி நம்ம ஆளுங்க யாரும் அதிகம் எழுதிப் பாக்கல. முந்தின நாள் ஹவுஸ்ல ஸ்பீக்கர் பேனர் (அங்க ஸ்பீக்கர்தான் மெஜாரிட்டிக் கட்சித் தலைவர்) நிபந்தனை எதுவும் இல்லாம மசோதாவை நிறைவேத்திட்டார், அவரோட ரிபப்ளிகன் கட்சியில 28 பேர்தான் ஆதரவு, மிச்சம் டெமாக்ரட் ஓட்டு. செனட்ல டெமாக்ரட்டுக்கு மெஜாரிட்டி இருந்துச்சு, ரிபப்ளிகன் ஆளுங்க பேசாம இருந்திருந்தா 51 ஓட்டுல ஓடியிருக்கும், அத்தனை பேரும் எதிர்த்து ஓட்டு போட்டுட்டு நல்ல பேரோட வீட்டுக்குப் போயிருக்கலாம். டெக்சாஸ் ரிபப்ளிகன் செனட்டர் டெட் க்ரூஸ் விடல. விவாதத்தை முடிச்சு இறுதி ஓட்டுக்கு விடவே 60 ஓட்டு வேணும்னு பிடிவாதம் பிடிச்சார். அப்ப சொந்தக் கட்சியிலயே அஞ்சு பேராவது ஆதரிச்சாகணும். யாரு? தேவையான அளவுக்கு ஆள் முன்னால வரல. ஓட்டெடுப்பு நேரம் தாண்டியும் இழுத்துட்டே போச்சு. வழக்கமா கிளார்க் யாரு என்ன ஓட்டு போட்டாங்கன்னு சத்தமா வாசிப்பார், அன்னைக்கு வாசிக்கல. பேரு வெளிய வராம உள்ளுக்குள்ளயே பேசி முடிக்கட்டும்னு சபையே மௌன விரதம். கடைசியில மெக்கானலே கையைத் தூக்க வேண்டியதாப் போச்சு, கூடவே அவரோட நெம்பர் டூ கார்னின். கென்டக்கியில அப்ப மெக்கானலுக்கு எதிரா கட்சிக்குள்ளயே டீ பார்ட்டி ஆள் நிக்கறார், இந்த ஓட்டு அவருக்கு எவ்வளவு கசந்திருக்கும்! ரெண்டு பெரிய தலையும் போட்டாங்கன்னதும் மத்தவங்க பின்னாடியே வந்து 67க்கு 31ல தாண்டுச்சு. அடுத்த நிமிஷம் மசோதா மேல இறுதி ஓட்டு வந்துச்சு, அதுக்கு 51 போதும், உடனே கை தூக்கின ரிபப்ளிகன் எல்லாரும் திரும்பி எதிர்த்துப் போட்டாங்க, 55க்கு 43. ஒரே சாயங்காலத்துல விட்டதும் அவங்கதான், எதிர்த்ததும் அவங்கதான்.

இந்த நம்பர் விஷயமும் சொல்லணும். 2013ல இருந்து லிமிட்டை ஏத்தறதுக்கு பதிலா சஸ்பெண்ட் பண்றதுன்னு ஒரு பழக்கம் வந்துச்சு. இந்தத் தேதி வரைக்கும் லிமிட்டே கிடையாது, அந்தத் தேதிக்கு எவ்வளவு கடன் இருக்கோ அதுவே புது லிமிட். ஏன்னா தேதியை வச்சு விளம்பரம் எடுக்க முடியாது, டிரில்லியனை வச்சு எடுக்கலாம். அதனாலதான் 2021ல பைடன் வந்தப்புறம் மெக்கானல் அடம்பிடிச்சார், தேதி வேண்டாம், நம்பர் போடு, உன் கட்சி ஓட்டுலயே போடு. டெமாக்ரட் பக்கம் சஸ்பெண்ட்தான் வேணும்னாங்க. அக்டோபர்ல தற்காலிகமா 480 பில்லியன். டிசம்பர்ல ஒரே ஒரு தடவைக்கு மட்டும் செனட்ல 51 ஓட்டு போதும்னு தனிச் சட்டம் போட்டாங்க. அதையும் எதுக்குள்ள சொருகினாங்கன்னா, டாக்டருங்களுக்கான மெடிகேர் பணம் வெட்டுப்படாம தடுக்கற மசோதாவுக்குள்ள. அந்த வழியை விட 14 ரிபப்ளிகன் ஆளுங்க கை தூக்கினாங்க, அப்புறம் 2.5 டிரில்லியன்ங்கற நம்பர் வந்தப்ப டெமாக்ரட் ஓட்டு மட்டும்தான், 50க்கு 49. மெக்கானல் கேட்டது கேட்டபடி கெடச்சுது. ஏத்தவும் விட்டாரு, கையில மையும் படல.

2023க்குத் திரும்பறேன். உண்மையில டெமாக்ரட் கட்சி இதை 2022 டிசம்பர்லயே முடிச்சிருக்கலாம். ஹவுஸ் ஜனவரில ரிபப்ளிகன் கைக்குப் போயிடும்னு தெரியும், செனட்ல பட்ஜெட் மசோதாவுக்குன்னு இருக்கற ரெகன்சிலியேஷன்ங்கற குறுக்கு வழியில 51 ஓட்டுல ஏத்தலாம். ஆனா அந்த வழியில நம்பர் போட்டாகணும், மேற்கு வர்ஜீனியா செனட்டர் மேன்சின் மாதிரி அவங்க கட்சி ஆளுங்களே தயாரா இல்ல, விட்டுட்டாங்க. ஜனவரி 7ஆம் தேதி 15ஆவது சுத்துல கெவின் மெக்கார்த்தி ஸ்பீக்கர் ஆனார், அதுக்கு அவர் குடுத்த விலை, ஒரே ஒரு உறுப்பினர் நெனச்சாலும் அவரைத் தூக்க தீர்மானம் கொண்டு வரலாம்னு ஒரு விதி. நாற்காலியில ஏறும்போதே ஒரு காலை அறுத்துக் குடுத்துட்டு ஏறினார்.

வெள்ளை மாளிகையோட திட்டம் என்னன்னா, பேச்சே கிடையாது, முதல்ல நீ உன் பட்ஜெட்டைக் காட்டு. மெக்கார்த்தியால எதையும் நிறைவேத்த முடியாதுன்னு அவங்க நம்பினாங்க, ஏன்னா ஹவுஸ்ல அவருக்கு 222, நாலு பேருக்கு மேல கோச்சுக்கிட்டா முடிஞ்சுது. ஆனா ஏப்ரல் 26ஆம் தேதி 217க்கு 215ல ஒரு மசோதாவைத் தாண்ட வச்சுட்டார். முந்தின நாள் நடுராத்திரி அயோவா உறுப்பினருங்க எத்தனால் வரிச்சலுகையைத் தொடாதேன்னு மடக்கி, விடியறதுக்குள்ள அதைத் திருத்தி எழுதி, சரியா நாலே நாலு பேர் எதிர்ப்போட. சோளத்துக்காக ராத்திரி ரெண்டு மணிக்கு உலகப் பொருளாதாரம் காத்துட்டு இருந்துச்சு. அந்த ஒரு ஓட்டோட பைடனோட "பேச மாட்டேன்" கரைஞ்சு போச்சு.

டெமாக்ரட் பக்கமும் ஒரு ரகசிய அஸ்திரம் வச்சிருந்தாங்க. ஜனவரிலயே டிசால்னியர்னு கலிஃபோர்னியா உறுப்பினர் சம்பந்தமே இல்லாத மாதிரி ஒரு மசோதாவை போட்டு வச்சிருந்தார், மே மாசம்தான் அது டெட் லிமிட்டுக்கான காலி டப்பான்னு வெளிய சொன்னாங்க. 218 பேர் கையெழுத்து போட்டா ஸ்பீக்கரைத் தாண்டி ஓட்டுக்கு வந்துடும். அவங்க கட்சி ஆளுங்க 213, ரிபப்ளிகன் அஞ்சே அஞ்சு பேர் போதும். ஒருத்தர் கூட போடல. நியூயார்க்ல பைடன் ஜெயிச்ச தொகுதியிலேயே ஜெயிச்ச மிதவாத ரிபப்ளிகன் ஆளுங்க இருந்தாங்க, அவங்களும் போடல. டெட் லிமிட் ஏறணும்னு அவங்களுக்கும் ஆசைதான், புரோநோட்டுலதான் பேரு வேண்டாம். அரசுக் கடனைச் செல்லாதுன்னு சொல்லக் கூடாதுங்கற அரசியல் சட்டத்தோட 14ஆவது திருத்தத்தை வச்சு லிமிட்டையே செல்லாதுன்னு சொல்லலாம், ஒரு டிரில்லியன் டாலருக்கு ஒரே ஒரு பிளாட்டினம் காசு அடிக்கலாம்னெல்லாம் பேச்சு ஓடுச்சு, காசு ஐடியா எங்க கேன்டீன்ல ரெண்டு நாள் சிரிப்பா இருந்துச்சு, அதோட சரி.

மே 27 சனிக்கிழமை டீல் முடிஞ்சுதுன்னு நியூஸ். செலவுல கொஞ்சம் பிடி, உணவு உதவி வாங்கறவங்களுக்கு வேலை நிபந்தனை 49 வயசுல இருந்து 54 வரைக்கும், வருமான வரித்துறைக்குக் குடுத்த காசுல கொஞ்சம் வெட்டு, மேன்சினோட மேற்கு வர்ஜீனியாவுல இருந்து போற எரிவாயு பைப்லைனுக்கு அனுமதி. லிமிட்டுக்கு? நம்பர் இல்ல. 2025 ஜனவரி 1 வரைக்கும் சஸ்பெண்ட். நம்பர் நம்பர்னு கத்தினவங்களே தேதிக்கு வந்துட்டாங்க, ஏன்னா இப்ப அவங்க பேரும் ஒட்டப் போகுதே.

மே 31, புதன்கிழமை. எங்களுக்கு அது ஜூன் 1 விடியக்காலை. டீலுக்கு முந்தின நாளே எலன் கெடுவை ஜூன் 5ன்னு தள்ளியிருந்தாலும் ஆரஞ்சு ஷீட்டை யாரும் மூடல. ராத்திரி ஒன்றரை மணி வாக்குல ரெண்டாவது மானிட்டர்ல ஹவுஸ் நேரலை ஓடிட்டு இருக்கு. மசோதா மேல ஓட்டு இல்ல, அதை விவாதத்துக்கு எடுக்கலாமாங்கற விதி மேல ஓட்டு. இது எப்பவும் ஆளுங்கட்சி ஓட்டுலயே ஓடும், எதிர்க்கட்சி ஒருத்தரும் தொட மாட்டாங்க, அது அவங்க மரபு. ஆனா மெக்கார்த்தியோட ஆளுங்கள்லயே 29 பேர் எதிர்த்துட்டாங்க. கணக்கு கீழ நிக்குது. டெமாக்ரட் பெஞ்சு அசையாம உக்காந்திருக்கு. உனக்கு எங்க ஓட்டு வேணும்ங்கறதை ஊரு பாக்கட்டும்னு விட்டுட்டு, கடைசியில அவங்க தலைவர் ஹக்கீம் ஜெஃப்ரீஸ் ஒரு பச்சைக் கார்டைத் தூக்கிக் காட்டினார். உடனே 52 டெமாக்ரட் ஓட்டு. 241க்கு 187. எங்க தம்பி டீ கப்பைக் கீழ வச்சுட்டு, "அண்ணே, இவர் அந்தாளைக் காப்பாத்தினாரா, போட்டுத் தள்ளினாரா?"ன்னான். ரெண்டும்தான்டான்னேன். காலையில ஏழு மணிக்கு இறுதி ஓட்டு, 314க்கு 117. ஆதரவுல டெமாக்ரட் 165, ரிபப்ளிகன் 149. ஸ்பீக்கரோட மசோதாவுக்கு எதிர்க்கட்சி ஓட்டு அதிகம். கேப்ல வீட்டுக்குப் போறப்ப நான் நெனச்சேன், இந்தாளு நாற்காலி தீபாவளி வரைக்கும் தாங்காதுன்னு. அக்டோபர் 3ஆம் தேதி 216க்கு 210ல போயிடுச்சு. அரசாங்கம் மூடாம இருக்க அவர் டெமாக்ரட் ஓட்டோட நிறைவேத்தின இன்னொரு மசோதாதான் உடனடிக் காரணம், ஆனா கணக்கு ஜூன்லயே தொறந்தாச்சு. இதுக்கு நடுவுல ஆகஸ்ட் 1ஆம் தேதி ஃபிட்ச்ங்கற இன்னொரு ரேட்டிங் கம்பெனியும் ட்ரிபிள் ஏவைப் புடுங்கிடுச்சு, 2011 மாதிரியே டீல் முடிஞ்சப்புறம்.

கதை இங்க முடிஞ்சிருந்தா ரிபப்ளிகன் கட்சிக்காரங்க சரியான முரடனுங்கப்பான்னு போயிருப்பேன். ட்ரம்ப் மறுபடி ஜெயிச்சு, 2024 டிசம்பர்ல பதவியேற்க ஒரு மாசம் இருக்கறப்ப திடீர்னு சொன்னார், டெட் லிமிட்டை இப்பவே ஏத்துங்க, பைடன் இருக்கறப்பவே நடக்கட்டும்னு. இவ்வளவு வெளிப்படையா யாரும் சொன்னதில்ல. எனக்கு அந்தாளு அரசியல் ஒண்ணும் பிடிக்காது, ஆனா அம்மா பாத்திரம் எண்ணிட்டே சொன்னதை அவர் மைக் வச்சு சொல்லிட்டார்னு தோணுச்சு. ஹவுஸ்ல அதை ஓட்டுக்கு விட்டாங்க, 174க்கு 235, சொந்தக் கட்சியிலயே 38 பேர் எதிர்ப்பு. டெக்சாஸ் ரிபப்ளிகன் உறுப்பினர் சிப் ராய் சபையில நின்னு கட்சிக்காரங்களைப் பாத்தே வெக்கமா இல்லையான்னு கிழிச்சார்.

அப்புறம் 2025. லிமிட் ஜனவரியில திரும்பி வந்துச்சு, 36.1 டிரில்லியன். எங்க ஆபீஸ்ல பழைய ஷீட்டைத் தொறந்து தேதியை மாத்தினோம், இந்தத் தடவை ஆகஸ்ட்டுன்னாங்க. வெள்ளை மாளிகை, ஹவுஸ், செனட் மூணும் ட்ரம்ப் கட்சி கையில, டெமாக்ரட் ஓட்டு வேண்டாம்னா ரெகன்சிலியேஷன்தான் வழி. அந்த வழியில தேதி செல்லாது, நம்பர் போட்டாகணும். போட்டாங்க, 5 டிரில்லியன், ஒரே தடவையில டாலர் கணக்குல இவ்வளவு பெருசா ஏத்தினதே கிடையாது. ஜூலை 4ஆம் தேதி 41.1 டிரில்லியன் ஆச்சு. செனட்ல 51க்கு 50, துணை ஜனாதிபதி வான்ஸ் வந்து ஓட்டு போட வேண்டியிருந்துச்சு. ரிபப்ளிகன் செனட்டர் ரேண்ட் பால் மட்டும் அந்த 5 டிரில்லியனைச் சொல்லியே எதிர்த்தார், அவரை இந்த ஒரு விஷயத்துல பாராட்டணும், ஆட்சி மாறினாலும் ஸ்க்ரிப்ட் மாறல. சிப் ராய் ஆதரிச்சு ஓட்டு போட்டார். டெமாக்ரட் ஒருத்தரும் இல்ல. இந்தச் சட்டம் கடனை இன்னும் டிரில்லியன் கணக்குல ஏத்துதுன்னு அவங்க பேசினதைக் கேட்டப்ப எனக்கு 2006 பேச்சை யாரோ தூசி தட்டி எடுத்த மாதிரி இருந்துச்சு.

பெரிய சட்டத்துக்குள்ள போனதால அந்த வரி பல பேர் கண்ணுல படவே இல்ல. மே மாசம் பூரா நகம் கடிச்ச எங்க கிளையண்ட் ஒருத்தர்கிட்ட ஜூலை 7 திங்கக்கிழமை கால்ல சொன்னேன், சார், லிமிட் ஏறிடுச்சு, ஷீட்டை க்ளோஸ் பண்ணிடலாமான்னு. "அப்படியா, எப்ப?"ன்னார்.

41.1 எத்தனை நாள் தாங்கும்னா, 2027ல முட்டலாம்னு கணிக்கறாங்க. 2026 நவம்பர் தேர்தல்ல ஹவுஸ் கை மாறினா 2022 டிசம்பர் மாதிரியே ஒரு டிசம்பர் வரும், போற கட்சிக்காரங்க முன்னாடி பேனாவும் பேப்பரும் இருக்கும். தம்பி இப்ப டீம் லீடு ஆயிட்டான், ஷீட்டுக்கு அவன்தான் ஓனர். புதுசா ஒரு வரிசை சேத்திருக்கான், முன்னாடி நடந்த ஒவ்வொரு தடவையும் அன்னைக்கு வெள்ளை மாளிகை யாருகிட்ட இருந்துச்சுன்னு. முதிர்ச்சித் தேதிக்குப் பக்கத்துல அது எதுக்குடான்னு கேட்டேன். இருக்கட்டும்ணே, சும்மா ஃபில்டர் போட்டுப் பாக்கன்னான்.

அக்கா கல்யாண புரோநோட்டுல கடைசியில அம்மாதான் கையெழுத்து போட்டாங்க. மாமாவும் சித்தப்பாவும் சாட்சிக் கையெழுத்து போட்டாங்க, ரெண்டு பேரும் நல்லா பெருசா, தேதியோட.